பத்து மணி பத்து நிமிடம்

ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக 11 மாதத்தைச் செலவழித்தவன் நான். அதில் நடித்தவனோ எடுத்தவனோ இல்லை, வெறும் ரசிகன். தொடரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நான் சொல்ல வந்தது போய், கடைசி சீசன் உருப்படியா இல்லையா என்ற சண்டை தொடங்கிவிடும். அந்தச் சண்டையில் என் பங்கை ஏற்கெனவே போட்டு முடித்தாயிற்று. பொழுதுபோக்குக்காக எடுத்த ஒன்றை ரசிகன் உட்கார்ந்து தோண்டித் துருவலாமா என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். நான் தோண்டியவன். குழிக்குள் விழுந்தும் பார்த்தவன். முன்னாலேயே யாராவது நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி நேரமாவது மிஞ்சியிருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குத் தூக்கம் வராத காலம். ராத்திரி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் போதும் என்றுதான் அந்தத் தொடரைப் போட்டேன். பழைய வீடு, சொத்துத் தகராறு, வீட்டை விட்டுப் போய்த் திரும்பாத மூத்த மகன், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாய் திறக்காத அம்மா. நல்ல நடிப்பு. அதோடு விட்டிருக்கலாம். இரண்டாவது சீசனில் ஒரு காட்சி. கூடத்தில் தம்பிகள் இருவரும் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவரில் வட்டக் கடிகாரம், வெள்ளை முகப்பு, கறுப்பு முள். மணி 10:10. ஜன்னலுக்கு வெளியே இருட்டு. அடுத்த எபிசோடில் அதே கூடம், தரையெல்லாம் வெயில். கடிகாரத்தில் அதே 10:10. படுத்துக்கொண்டு பார்த்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அன்று ராத்திரியே முதல் சீசனுக்குத் திரும்பிப் போனேன். மருத்துவமனை வரவேற்பறையில் 10:10. வக்கீல் அறையில் 10:10. விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் என்னிடம் ஒரு கோட்பாடு தயார்: மூத்த மகன் வீட்டை விட்டுப் போன இரவோடு அந்தக் குடும்பத்துக்குக் காலம் நின்றுவிட்டது, நாம் பார்த்துக்கொண்டிருப்பது முழுக்க அம்மாவின் நினைவு. அதுவரை தூக்கம் வரவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவன், அதற்கப்புறம் தூக்கம் எதற்கு என்ற நிலைக்குப் போனேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அப்போது வந்திருந்தது நான்கு சீசன், 40 எபிசோட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 நிமிடம். நான்கு முறை முழுதாகப் பார்த்தேன். பார்த்ததற்கே 130 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்தது, எழுதியது, வீடியோ வெட்டியது எல்லாம் தனி. வேலை நாளில் இரண்டு மணி நேரம், சனி ஞாயிறில் ஆறாறு மணி நேரம் என்று குறைத்துப் போட்டாலும் 1000 மணி நேரம் தாண்டுகிறது. ஒரு மொழியை ஓரளவு பேசக் கற்றுக்கொண்டிருக்கலாம். நான் கற்றுக்கொண்டது ஒரு கற்பனை வீட்டில் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை.

பொய் சொல்லக் கூடாது, முதல் சில மாதங்கள் சந்தோஷமாகவே இருந்தன. பித்து என்றும் சொல்லலாம். கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியானது. அம்மா கட்டும் பச்சைப் புடவை, உடைந்த கோப்பை, தம்பியின் கார் எண்ணைக் கூட்டினால் வரும் தொகை. ஒரு கட்டத்தில் 1010-ஆவது திருக்குறள் எதுவென்று எடுத்துப் பார்த்தேன். ‘நன்றியில் செல்வம்’ அதிகாரத்தின் கடைசிக் குறள். செல்வம்! கதையோ சொத்துத் தகராறு! உடம்பு சிலிர்த்தது. அந்தத் தொடரை எடுத்தவர்களுக்குத் தமிழே தெரியாது என்பது அந்த ராத்திரியில் எனக்கு ஒரு தடையாகவே படவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு கட்டம் வரும். வந்தால் கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போங்கள். சாட்சி கிடைக்காமல் தவிப்பது ஆரோக்கியமான நிலை. தொட்டதெல்லாம் சாட்சியாக மாறத் தொடங்கினால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். 1969-ல் பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழுவின் ரசிகர்கள் பலர், குழுவில் ஒருவரான பால் மெக்கார்ட்னி எப்போதோ இறந்துவிட்டார், இப்போது இருப்பவர் மாற்று ஆள் என்று நம்பினார்கள். இசைத்தட்டு உறையில் அவர் மட்டும் செருப்பில்லாமல் நடக்கிறார் என்பது ஒரு சாட்சி. உறையில் நிற்கும் காரின் எண் இன்னொரு சாட்சி. கடைசியில் அவரே ஒரு பத்திரிகையில் தோன்றி உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் நம்பியவர்கள் இருந்தார்கள். சாட்சிக்கு அங்கே பஞ்சமே இல்லை.

வீட்டில் இதற்கு விலை கொடுத்தவள் என் தங்கை. சின்ன வயதிலிருந்தே நாங்கள் இருவரும் சேர்ந்துதான் எதையும் பார்ப்போம். அவளை மூன்றாவது சீசன் பார்க்க உட்காரவைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தினேன். “அந்த மூலையைப் பார். இப்போது அவள் எந்தக் கையால் கதவைத் திறக்கிறாள் பார்.” மூன்றாவது எபிசோட் பாதியில் அவள் தலையணையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “அண்ணா, அவ அழறா. நீ கடிகாரத்தப் பாத்துக்கிட்டிருக்க,” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு ஆழம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பல மாதம் நாங்கள் சேர்ந்து எதையும் பார்க்கவில்லை. ஆகவே ஒன்று: முதல் முறை பார்ப்பதை முதல் முறையாகவே பார்த்துவிடுங்கள், நிறுத்தாமல். பக்கத்தில் ஆள் இருந்தால் வாயையும் திறக்காதீர்கள். ஆராய்ச்சியை இரண்டாவது சுற்றுக்கு, தனியாக இருக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையிடத்தில் ஒருவர், “டைம்பாஸுக்கு எடுத்ததைப் போய் இப்படி மண்டையைப் போட்டு உடைக்கிறாயே” என்றார். கிண்டல்தான். ஆனாலும் தைத்தது. பதில் சொல்ல வேண்டுமே என்று வரலாற்றைத் தேடிப் போனேன். எனக்கு நிறையவே ஆதாரம் கிடைத்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் டாக்டர் வாட்சனுக்குப் போரில் குண்டடி பட்டது 1887-ல் வந்த முதல் நாவலில் தோளில். 1890-ல் வந்த இரண்டாவதில் அது காலுக்கு இறங்கிவிடுகிறது. எழுதியவருக்கு மறந்துபோயிற்று, அவ்வளவுதான். ஆனால் ரசிகர்கள் விடவில்லை, இரண்டையும் பொருத்திவைக்க எத்தனையோ கட்டுரை எழுதினார்கள். 1911-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கட்டுரை வாசித்தார். வேதாகமத்தைப் பண்டிதர்கள் ஆராயும் முறையைக் கேலி செய்ய, அதே கனத்தோடு ஹோம்ஸ் கதைகளை ஆராய்ந்தார். கேலியாகத் தொடங்கியது பல தலைமுறைக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. கதைகளை எழுதிய கோனன் டாயிலே நாக்ஸுக்குக் கடிதம் எழுதினார். இந்தச் சரக்குக்கு ஒருவர் இவ்வளவு பாடுபடுவாரா என்று அவருக்கு ஆச்சரியம். வேலையிடத்துக் கேள்வியேதான், கேட்டவர் மட்டும் வேறு. திகில் படங்கள் எடுத்த இயக்குநர் ஹிட்ச்காக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பயமுறுத்திப் பணம் பண்ணுகிறவர் என்று பலர் ஒதுக்கிய காலத்தில், சினிமாப் பைத்தியங்களான சில பிரெஞ்சு இளைஞர்கள் அவர் படங்களை ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதினார்கள். அவர்களில் ஒருவரான த்ரூஃபோ 1962-ல் அவரை நாள்கணக்கில் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார். 1958-ல் ஹிட்ச்காக் எடுத்த ‘வெர்டிகோ’, 2012-ல் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை உலக விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் எல்லாக் காலத்திலும் சிறந்த படமாக வந்தது. ரசிகனின் ஆராய்ச்சி வெட்டிவேலை என்று இனி என்னிடம் யாரும் சொல்ல முடியாது என்று குதூகலித்தேன்.

அந்த ஆதாரங்கள் சரியானவை. அவற்றை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்ட விதத்தில்தான் தப்பு. த்ரூஃபோ கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை ‘இதை எப்படிச் செய்தீர்கள், கேமராவை ஏன் அங்கே வைத்தீர்கள்’ என்கிற வகை. நான் அந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு ‘இதற்குள் என்ன ஒளித்திருக்கிறார்கள்’ என்பது மட்டுமே கேள்வி.

வீடியோ செய்ய முடிவெடுத்தது ஏழாவது மாதம். 40,000 சொல்லில் எழுதி வைத்திருந்ததை 3 மணி 20 நிமிட வீடியோ ஆக்கினேன். மைக், எடிட்டிங் மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா, இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒலியைச் சரிசெய்து கொடுத்தவருக்குக் கூலி. இதோடு கடைசியில் போட்ட மூன்று வாரச் சம்பளமில்லா விடுப்பு. மொத்தம் மூன்று மாதச் சம்பளம் போயிற்று. அந்த விடுப்பு எதற்கு என்பதைச் சொல்கிறேன். வீடியோவை ஏற்றிய சில நிமிடங்களிலேயே தடுத்துவிட்டார்கள். தொடரின் காட்சிகள் அதில் இருந்தன, இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது. விமர்சனத்துக்காக ஒரு படைப்பின் பகுதிகளைக் காட்டப் பல நாட்டுச் சட்டங்களில் இடமுண்டு, இந்தியச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு, அமெரிக்கச் சட்டத்தில் 107-ஆம் பிரிவு என்று படித்து வைத்திருந்தேன். சட்டம் தெரிந்த எனக்கு, படத்தையும் ஒலியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த இயந்திரத்துக்குச் சட்டம் தெரியாது என்பது தெரியவில்லை. மேல்முறையீடு செய்தேன், பலிக்கவில்லை. அப்புறம் முழுவதையும் திரும்ப வெட்டினேன்.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு: முழு வீடியோவையும் செய்து முடித்துவிட்டு ஏற்றாதீர்கள். ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை வெளியே தெரியாதபடி முதலில் ஏற்றிப் பாருங்கள், எது சிக்குகிறது என்று தெரிந்துவிடும். பின்னணி இசை ஓடும் காட்சிகள்தான் எனக்கு அதிகம் சிக்கின. நகரும் காட்சி வேண்டாத இடத்தில் ஒற்றைப் படத்தை வையுங்கள். காட்சி ஓடும்போது உங்கள் குரல் அதன் மேல் பேசிக்கொண்டிருக்கட்டும். எது சட்டப்படி சரி என்பதும் எது இயந்திரத்தைத் தாண்டும் என்பதும் வெவ்வேறு சங்கதிகள், இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். இன்னொன்று, எழுத்தாக வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. நான் எழுதியதை எழுத்தாகவே விட்டிருந்தால் அந்த மூன்று மாதச் சம்பளம் மிஞ்சியிருக்கும். வீடியோவில் என் குரலைக் கேட்க எனக்கு ஆசை, அதுதான் உண்மை.

வெட்டித் திருத்திய வீடியோ வெளியே போனது. ஓரளவு பார்த்தார்கள். பாராட்டினார்கள். என் கோட்பாட்டுக்கு ஒரு சின்னப் படையே சேர்ந்தது. மறுத்தவர்களோடு நானும் அந்தப் படையும் போட்ட சண்டைகளை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. யாரோ ஒருவர், “கடிகாரம் ஓடவில்லை, அவ்வளவுதானே?” என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். அவருக்கு நான் எழுதிய பதில் 900 சொல்.

அப்புறம் ஐந்தாவது சீசன் வந்தது. முதல் எபிசோடிலேயே மூத்த மகன் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். நினைவும் இல்லை, கனவும் இல்லை. வேறு நாட்டில் வேலை பார்த்துவிட்டு, சொத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறான். அடுத்த நாள் எனக்கு வந்த கேலிகளை இங்கே எழுத வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் தொடரைப் பற்றி ‘இதுதான் விடை’ என்று அறுதியிட்டுச் சொல்வது கடன் வாங்கிச் சூதாடுவது மாதிரி, பகடை கதாசிரியர் கையில் இருக்கிறது. அதைவிட அடித்தது சில வாரம் கழித்து வந்த ஒரு பேட்டி. தொடரின் கலைப்பிரிவில் வேலை பார்த்த ஒருவர் அரங்கப் பொருள்களைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். நடுவில், கடிகாரங்களுக்கு நாங்கள் பேட்டரி போடுவதே இல்லை, வாங்கியபடி மாட்டிவிடுவோம் என்றார்.

பேட்டியை நிறுத்தவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் முதல் நாளே படித்திருக்க வேண்டியதைப் படித்தேன். ஒரே காட்சியைப் பல மணி நேரம், பல கோணத்தில் எடுக்கிறார்கள். கடிகாரம் ஓடினால் ஒட்டும்போது ஒரு வசனத்துக்கு மூன்று மணி, பதில் வசனத்துக்கு ஐந்து மணி என்று காட்டும். டிக் டிக் சத்தம் வேறு ஒலிப்பதிவில் ஏறும். அதனால் நிறுத்தி வைப்பது வழக்கம். சரி, ஏன் 10:10? விளம்பரத்திலும் விற்பனையிலும் கடிகாரங்களைப் பெரும்பாலும் அந்த மணியிலோ அதையொட்டியோதான் வைக்கிறார்கள். இரண்டு முள்ளும் இரு பக்கமும் சமமாக விரிந்து நிற்கும், பன்னிரண்டுக்குக் கீழே உள்ள நிறுவனப் பெயர் மறையாது. பார்க்கவும் சிரித்த முகம் மாதிரி இருக்கும். (இதற்கும் ஒரு கோட்பாடு உண்டு, ஆபிரகாம் லிங்கன் இறந்த நேரம் அது என்று. அவர் இறந்தது காலை 7:22-க்கு. என் ஜாதிக்காரர்கள் எங்கும் இருக்கிறார்கள்.)

அதன்பின் ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, தொடரில் வரும் எல்லாக் கடிகாரங்களையும் எண்ணினேன். 31. அதில் 10:10 காட்டியது 9. மீதி 22-ம் வேறு வேறு மணி. நான்கு முறை பார்த்தவன் அந்த 22-ஐப் பார்க்கவே இல்லை. இதுதான் எல்லாவற்றையும்விட உருப்படியான பாடம் எனக்கு. இப்போது எதைப் பற்றி எழுதினாலும் நோட்டின் இடது பக்கத்தைக் காலியாக விடுகிறேன். என் கருத்துக்குப் பொருந்தாதது கண்ணில் பட்டவுடன் அங்கே போகும். இடது பக்கம் நாலு நாள் காலியாகவே கிடந்தால், நான் சரியாகப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்வேன். அதோடு, ஒரு பொருளோ நிறமோ திரும்பத் திரும்ப வந்தால் முதலில் அதற்கு எளிய காரணம் உண்டா என்று தேடுவேன். ஒரே அரங்கு, ஒரே பீரோ, குறைந்த செலவு, நடிகரின் தேதி. இவற்றில் எதிலும் அடங்காமல் மிஞ்சுவதைத்தான் அர்த்தம் என்று கையில் எடுக்க வேண்டும்.

தமிழாசிரியராக இருக்கும் நண்பரிடம் இதையெல்லாம் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “நீ செய்ததற்கு நம்மிடம் பழைய பெயர் உண்டு, மாட்டு,” என்றார். நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரை எழுதும்போது, ஒரு வரியில் உள்ள சொல்லை எடுத்து எத்தனையோ வரி தள்ளியிருக்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் சொல்வார். மறைமலையடிகள் அதைக் கண்டித்து எழுதினார். “ஆனால் நச்சினார்க்கினியர் உரை இல்லாவிட்டால் அந்தப் பாட்டுகளில் பாதி நமக்குப் புரியாது. நீ மாட்டினாய், மாட்டிக்கொண்டாய். அதற்காக உரையே எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.”

அவர் சொன்ன பிறகு அந்த 40,000 சொல்லையும் திரும்பப் படித்தேன். கடிகாரத்தையும் கார் எண்ணையும் வெட்டி எறிந்தால் மிஞ்சியது ஆறு பக்கம். அதில் ஒன்று, மூத்த மகனின் கடிதத்தைத் தம்பி படிக்கும்போது அம்மா சாப்பாட்டு மேஜையைத் துடைக்கும் காட்சி. அவள் முகத்தைக் காட்டவே மாட்டார்கள், கையும் துணியும் மட்டும்தான். கடிதம் முடிந்த பிறகும் கை நிற்காது. ஏன் அந்தக் காட்சி தொண்டையை அடைக்கிறது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வீடியோவில் அது 2 மணி 40 நிமிடத்துக்கு அப்புறம் வருகிறது. அதுவரை யார் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான் இருந்தது, கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருடைய அம்மாவும் அப்படித்தானாம், சண்டை நடக்கும்போதெல்லாம் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பாராம். ஒளித்துவைத்ததைக் கண்டுபிடிப்பதை நான் ஆராய்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சியில் ஒளித்துவைத்தது எதுவும் கிடையாது, எல்லாம் கண்முன்னால்தான் இருந்தது. அது எப்படி நம்மை அடிக்கிறது என்று சொல்வதற்குத்தான் ஒரு பக்கம் தேவைப்பட்டது. வெகுஜனத் தொடராக இருந்தாலும் அதற்கு அந்த ஒரு பக்கத்துக்குத் தகுதி உண்டு என்று யாரிடமும் வாதாடுவேன். 3 மணி 20 நிமிடத்துக்கு வாதாட மாட்டேன்.

அந்த வீடியோவை எடுத்துவிட்டேன். மேஜைக் காட்சியை மட்டும் 14 நிமிடத்தில் புதிதாகச் செய்தேன். நாலு ஒற்றைப் படம், மீதி என் குரல். ஏற்றுவதற்கு முன் தங்கையிடம் காட்டினேன். கடைசிவரை பேசாமல் பார்த்தாள். முடிந்ததும், “நல்லாருக்கு அண்ணா. ஆனா ஒண்ணு விட்டுட்ட,” என்றாள்.

“என்ன?”

“கடைசி எபிசோட்லயும் அவ அந்த மேஜையத் தொடைக்கிறா. பெரிய பையன் முன்னால உக்காந்திருக்கான். ரெண்டு தடவ தொடச்சிட்டு, துணிய மடிச்சு வச்சிர்றா.”

போட்டுப் பார்த்தேன். ஆமாம், மடித்து வைக்கிறாள்.